ஆத்தாவின் கால் மட்டம்

அவர் எங்கள் குப்பத்துக்கு வந்த முதல் நாளே ஒரு நாயிடம் மன்னிப்புக் கேட்டார். கவிழ்த்து வைத்திருந்த படகின் நிழலில் அது பாட்டுக்குப் படுத்திருந்தது. இவர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து அதன் வாலை மிதித்துவிட்டார். நாய் கத்திக்கொண்டு ஓடியது. அது ஓடிய பக்கம் திரும்பி, "சாரி, சாரி" என்றார். ஒப்புக்குச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னார். இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்து, எரிச்சல் தாங்காமல் இன்னும் சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. சாரி சார்.

அவருடைய சொந்தப் பெயரை எங்களில் ஒருவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஊரிலிருக்கிற வாசற்படி ஒவ்வொன்றிலும் குனிந்து நின்ற மனிதர். அவர் பெயர் எனக்குத் தெரியாது என்று எழுதும்போதே கூசுகிறது.

அரசாங்கம் எங்களுக்குத் தொகுப்பு வீடு கட்டிக் கொடுக்க முடிவு செய்த சமயம் அது. பழவேற்காடு ஏரியின் விளிம்பில் இருக்கிறது எங்கள் குப்பம். அதற்கு முந்தைய புயலில் ஓலைக் கூரைகள் எல்லாம் பறந்துபோய், தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். கட்டட வேலையைப் பார்க்க வந்த ஓவர்சியர்தான் சாரி சார். காட்டூர்ப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரர். திருப்பாலைவனம் வழியாக வருகிற பஸ்ஸில் பழவேற்காட்டில் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே வருவார். நான் குப்பத்து அங்கன்வாடியில் டீச்சர். பையையும் சாப்பாட்டுத் தூக்கையும் வைக்க அவருக்கு வேறு இடம் இல்லாததால் என் அங்கன்வாடியில்தான் வைப்பார். வைக்கும்போது ஒரு சாரி, எடுக்கும்போது ஒரு சாரி.

ஆள் நல்ல உயரம். எங்கள் குடிசைகளின் வாசல் எல்லாம் தாழ்வு. குனிந்து குனிந்து பழகிப்போய், தலை இடிக்க வழியே இல்லாத இடத்திலும் குனிவார். என் அங்கன்வாடிக் கதவு அவரைவிட உயரம், அதிலும் குனிந்துதான் நுழைவார். பஸ் தாமதமாக வந்தால் சாரி. மழை பிடித்துக்கொண்டால், "வேலை நின்னுபோச்சும்மா, சாரி." மழையை ஏதோ இவர்தான் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி. தண்ணீர் கேட்பதற்கு முன்னால் ஒன்று, குடித்த பிறகு ஒன்று. என்னிடம் படித்த பிள்ளைகள் ஏ, பி, சி கற்பதற்கு முன்னால் அந்த வார்த்தையைக் கற்றார்கள். ஒருத்தன் இன்னொருத்தனை நன்றாக மொத்திவிட்டு, நெளிந்து குனிந்து, "சாரி சார்" என்பான். மொத்து வாங்கினவனும் அழுகையை விட்டுவிட்டுச் சிரிப்பான்.

என் அம்மாவுக்கு அவர் மேல் இரக்கம். தயிர்சாதமும் ஊறுகாயும் தின்றுவிட்டு வெயிலில் நிற்கிறாரே என்று நண்டுக் குழம்பு கொடுத்தனுப்புவாள். காது வரைக்கும் சிவந்துபோய் வாங்கிக்கொள்வார். மறுநாள் பாத்திரம் பளபளவென்று கழுவித் திரும்பி வரும். உள்ளே அவர் வயல் வரப்பில் காய்த்த காராமணி இருக்கும்.

"இன்னாத்துக்கு சார் இதெல்லாம்?" என்றால், "வெறும் பாத்திரமாக் குடுக்கக் கூடாதும்மா, சாரி" என்பார்.

இவ்வளவு கூச்சப்படுகிறவருக்குக் கூச்சமே இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. மட்டம் பார்ப்பது. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீள ரப்பர் குழாய் ஒன்று வைத்திருந்தார். அதில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை ஓரிடத்தில் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு குப்பத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடுவார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். கொத்தனார்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். இவர் ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி ஒவ்வொரு தடவையும் சந்தோஷப்படுவார். "தண்ணிக்கு இது யார் வீடுன்னு தெரியாதும்மா, மட்டம் மட்டும்தான் தெரியும்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் முதுகு நிமிர்ந்திருக்கும்.

வெள்ளம் வருகிற இடத்தில் வீடு கட்ட ஒரு விதி உண்டு என்று எனக்கு விளக்கியதும் அவர்தான். இதுவரை தண்ணீர் அதிகமாக ஏறிய மட்டம் எதுவோ அதற்கு மேலேதான் வீட்டுத் தரை இருக்க வேண்டும். அந்த மட்டம் ரொம்ப உயரம் என்றால் சாதாரண வீடு கட்டக்கூடாது. ஒன்று வேறு மாதிரி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊரையே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். எங்கள் குப்பத்தில் வெள்ள அளவு குறித்த அரசாங்கக் கல் எதுவும் கிடையாது. பழைய குடிசைகளின் மண்சுவர் எப்போதோ கரைந்துபோய்விட்டது. ஆகவே ஊர்க்காரர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

கேட்டார். வாசல் வாசலாகக் குனிந்து கேட்டார். "தொந்தரவுக்கு சாரிம்மா. இதுவரைக்கும் தண்ணி அதிகமா எதுவரைக்கும் வந்திருக்குது?"

எல்லா வாசலிலும் ஒரே பதில். "ஆத்தா கால் வரைக்கும்."

எங்கள் ஆத்தாவுக்குச் சுவர் வைத்த கோயில் கிடையாது. ஏரியைப் பார்த்தபடி ஒரு மேடை, நாலு தூண், மேலே தகரக் கூரை. சுதையில் செய்த ஆள் உயரச் சிலை. வருஷா வருஷம் ஆடி மாசம் புது வர்ணம் பூசிக்கொண்டு நிற்பாள். ஏரி எவ்வளவு பொங்கினாலும் ஆத்தாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நான் பிறப்பதற்கு முன்னால் வந்த பெரிய வெள்ளம்கூட அப்படித்தான் திரும்பியது என்று கேட்டு வளர்ந்தேன். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். தண்ணீர் காலைத் தாண்டியது என்று எங்களில் யார் வாயிலிருந்தும் வராது. அப்படிச் சொன்னால் ஆத்தாவால் தடுக்க முடியவில்லை என்று சொன்னதாக ஆகிவிடும்.

சாரி சாருக்கு அந்தப் பதில் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டாம் சுற்று போனார். மூன்றாம் சுற்றும் போனார். "இந்தாளு இன்னா ஒரே பேஜாரா கீறாரு" என்று பெண்கள் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. ஏரிக்கு அவ்ளோ தள்ளி இருக்குது எங்க ஊரு. அங்கயே வயல்ல இடுப்பளவு தண்ணி நின்னுதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. இங்க கால் வரைக்கும்தான்னா எனக்குப் புரியல."

"ஆத்தா இருக்கா சார் இங்க. உங்க ஊர்ல இல்ல" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், நம்பித்தான் சொன்னேன். "ஆமா, ஆமா, சாரிம்மா" என்று கைகூப்பிவிட்டார்.

கடைசியில் ஆத்தா மேடைக்கு முன்னால் ஊர் கூடியது. என் நைனா அப்போது ஊர்த் தலைவர். ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் 'பாடு' பிரிக்கிறவர் அவர்தான். நியாயமாகப் பிரிப்பார் என்று அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் பெயர். அவர் பேசிய பிறகு பேசுகிற வழக்கம் யாருக்கும் இல்லை.

சாரி சார் ஒரு குச்சியை எடுத்து மணலில் வீடு வரைந்தார். நாலு கால், அதன் மேல் வீடு. "மட்டம் எவ்ளோ உயரமா இருந்தாலும் பரவாயில்லீங்க. தூண் மேல கட்டிடலாம். கீழ வலை காயப் போடலாம், படகு ஏத்தி வைக்கலாம். மேல எழுதி நான் வாங்கித் தரேன். உள்ள நிலவரம் மட்டும் சொல்லுங்க."

கூட்டத்தில் ஒருத்தர், "இன்னாடாது, பூநாரை வூடு!" என்றார். அவ்வளவுதான். ஏரியில் வந்து நிற்கிற பூநாரைக்கும் நீளக் கால், சாரி சாருக்கும் நீளக் கால். "சார் தன் உசரத்துக்கு வூடு கேக்கறாரு", "ஒத்தக் கால்ல நிக்குமா சார் உன் வூடு?" என்று ஆளாளுக்குக் கிண்டல். அவரும் சிரித்தார். குச்சியைக் கீழே போடவில்லை.

நைனா சிரிக்கவில்லை. "தூணு கீணுன்னு எழுதிகினு போவ சார். மேல கீறவன் இன்னா சொல்லுவான்? இது மனுசன் இருக்கற எடமில்லன்னு சொல்லி எங்கள அள்ளிகினு போயி எங்கனா பொட்டல்ல அடுக்குமாடில வெப்பான். பக்கத்துக் குப்பத்துக்காரன் போனானே, இன்னா ஆனான்? படகு இங்க, பொழப்பு அங்க. ஏரி இல்லாம எங்களுக்கு இன்னா கீது?"

"மாத்தணும்னு நான் எழுத மாட்டேங்க. சத்தியமா எழுத மாட்டேன். மட்டம் மட்டும் சரியாத் தெரிஞ்சா..."

"ஆத்தா கால தாண்டிச்சுன்னு எழுதப் போறியா? அவ முன்னால நின்னுகினு எழுதுவியா?"

நைனா மேடையில் ஏறினார். தாம்பாளத்தில் சூடம் வைத்துக் கொளுத்தினார். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அணைத்தார். "ஆத்தா கால தாண்டித் தண்ணி வந்ததில்ல. இது சத்தியம்."

சூடம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகு எங்கள் ஊரில் பேச்சு கிடையாது. சாரி சார் பதறி ஓடினார். "ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்? கை சுட்டுடுச்சா? நான் நம்பறேங்க. சாரிங்க, ரொம்ப சாரிங்க." நைனாவின் கையைப் பிடித்து ஊதினார். பிறகு குழாயின் ஒரு முனையை ஆத்தாவின் காலடியில் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு நடந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் நைனாவின் உள்ளங்கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். தோல் கொப்புளித்திருந்தது. எங்கள் ஊரைக் காப்பாற்றிய கை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீடுகள் எழும்பின. ஆத்தாவின் கால் மட்டத்துக்கு மேலே, விதி சொல்கிற கொஞ்சம் உயரத்தையும் கூட்டித் தரை போட்டார். அதோடு இரண்டு காரியம் செய்தார். சுவிட்சுப் போர்டுகளைப் பெண்களின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். எல்லா வீட்டுக்கும் வெளிப்பக்கமாக மாடிப்படி வைத்தார். லைட்டுப் போட முக்காலி வேண்டுமா என்று ஒரே திட்டு. "மேல இன்னா சார், பூந்தோட்டமா வெக்கப் போறோம்? படிக்குப் போட்ட சிமெண்டுல ஒரு ரூம் கட்டியிருக்கலாம்" என்று வேறு. "சட்டத்துல இருக்குதும்மா, சாரி" என்று சொல்லிச் சொல்லியே அத்தனை படியையும் கட்டி முடித்தார். சட்டத்தில் படியைப் பற்றி ஒன்றுமில்லை என்று பின்னால் வந்த அதிகாரி ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சாரி சார் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வேலை முடிந்து அவர் போன அன்று அம்மா கருவாடு கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் நாற்றம் அடிக்குமே என்று பயந்துகொண்டே வாங்கிக்கொண்டார். அந்த பஸ்ஸில் எத்தனை பேரிடம் சாரி சொல்லியிருப்பாரோ.

சில வருஷம் நல்லபடியாகப் போனது. ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஆற்று வெள்ளமெல்லாம் ஏரிக்குள் வந்து விழுந்தது. ஏரித் தண்ணீர் கடலுக்குப் போகிற முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்ததால் வடிய வழியில்லை. விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசலில் தண்ணீர். பாயைச் சுருட்டுவதற்குள் வீட்டுக்குள் தண்ணீர். கட்டில் மிதக்க ஆரம்பித்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மாடிக்கு ஓடினோம், அந்தப் படிகளில் ஏறித்தான். நடக்க முடியாதவர்களை முதுகில் சுமந்து ஏற்றினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. கீழே இருந்த வலை, எஞ்சின், அரிசி, துணிமணி, பிள்ளைகளின் சான்றிதழ், எல்லாம் போயிற்று.

எங்கள் மாடி ஓரத்திலிருந்து பார்த்தால் ஆத்தா தெரிவாள். மழையில் நனைந்துகொண்டே எல்லா மாடியிலும் பெண்கள் அவளையே பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். தண்ணீர் அவள் காலை ஏற்கெனவே மூடியிருந்தது. இனியாவது திரும்பும் என்று நானும் கும்பிட்டேன். திரும்பவில்லை. முழங்காலைத் தாண்டியது. இடுப்புக்கு வந்தது. ஆடியில் பூசிய பச்சையும் சிவப்பும் கரைந்து அவளைச் சுற்றிக் கலங்கின. அம்மா வாய்விட்டு அழத் தொடங்கினாள். "ஆத்தாவையே முழுகடிக்குதே, நம்ம எந்த மூலைக்கு?"

நைனா அவள் தோளில் கையை வைத்தார். நான் பின்னால் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. சின்னக் குரலில், ஆறுதலாகத்தான் சொன்னார்.

"அழாத. போன தபா கழுத்து வரைக்கும் வந்துது. எறங்கல? இதுவும் எறங்கிடும்."

அம்மா ஆச்சரியப்படவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. அந்த வயதுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. என் கண் தானாக நைனாவின் உள்ளங்கைக்குப் போனது.

தண்ணீர் வடிந்து வீடெல்லாம் சேறாகக் கிடந்தபோது சாரி சார் வந்தார். அப்போது அவருக்கு வேறு பக்கத்தில் வேலை. வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பாதை அறுந்திருந்ததால் யாரிடமோ படகு கேட்டு ஏறி, பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வாசல் வாசலாகப் போனார், முன்பு கேட்டுக்கொண்டு போன அதே வரிசையில். இப்போது கேள்வி இல்லை.

"சாரிம்மா. மட்டத்தைத் தப்பாப் போட்டுட்டேன்."

குப்பம் அவரைச் சும்மா விடவில்லை. "படிச்சவன்தானே நீ? அளவு தெரியாதா? எங்க பொழப்பே பூட்ச்சே!" என்று ஒருத்தி கத்தினாள். நாய் வாலை மிதித்த அன்று விழுந்து விழுந்து சிரித்தவள் அவள். சேற்றோடு ஊறிப்போன அரிசியை இரண்டு கையால் அள்ளி அவர் காலடியில் வீசினாள். அவர் நகரவில்லை. "ஆமாம்மா, சாரி" என்றார். கால் வரைக்கும்தான் என்று அவரிடம் மூன்று தடவை சொன்ன பெரியவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக எங்கள் வீடு. நைனா வாசலில் கழுவிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் எதிரே நின்றார்.

"தலைவரே, தப்பு என்னோடது. மனசுல சந்தேகம் இருந்துச்சு. நான் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும். சாரிங்க."

நைனா ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஆத்தா மேல் ஆணையாக அப்படித்தான் நினைத்தேன். பாடு பிரிக்கும்போது தன் தம்பிக்கே முறை தள்ளிப் போட்டவர் இல்லையா?

"சரி, வுடு சார்" என்றார் நைனா. "மனுசன்னா தப்பு நடக்கறதுதான். நாங்க மனசுல வெச்சிக்கல."

மன்னித்துவிட்டார். என் அப்பா அவரைப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "சாருக்கு டீ குடும்மா" என்றார்.

டீ கொடுத்தேன். அவமானத்தில் என் உடம்பு எரிந்தது. அப்படி ஓர் அவமானத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டு நீட்டினேன். "சாரிம்மா, இந்தக் கஷ்டத்துல உங்களுக்கு வேலை வெச்சுட்டேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அவர் படகு ஏறிய பிறகு நைனாவிடம் கேட்டேன். "சூடம் அணைச்சியே நைனா."

அவர் கோபப்படவில்லை. "அந்தச் சூடத்தாலதான் இன்னிக்கும் ஊரு இங்க கீது" என்றார். "கழுத்து வரைக்கும்னு சொல்லியிருந்தா எல்லாரும் எங்கனா பொட்டல்ல ஒக்காந்து கூலிக்குப் போயினு இருப்போம். ஆத்தாவுக்குத் தெரியும் நான் ஏன் சொன்னேன்னு."

"அந்த சாருக்கு?"

"அவருக்கு இன்னா? வேற ஊருக்கு மாத்துவாங்க. நம்பள மாத்தலியே."

நைனா பேசியதில் பாதி நியாயம் இருந்தது. அதனால்தான் இன்றைக்கும் அவருக்குச் சோறு போடும்போது எனக்கு அவரை வெறுக்கவும் முடியவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

விசாரணை வந்தது. மட்டம் யார் சொல்லிக் குறித்தது என்று அதிகாரிகள் சாரி சாரைக் கேட்டார்களாம். ஊர்க்காரர்கள் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை போதும், அவர் தப்பித்திருப்பார். தான் அளந்ததில்தான் பிழை என்று சொல்லிவிட்டாராம். தண்டனையாக எங்கேயோ தூரத்துக்கு மாற்றினார்கள். குப்பத்தில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "தங்கமான மனுசன், ஆனா மட்டம் பாக்கத் தெரியாது" என்பார்கள். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் நிமிர்ந்து நின்ற நிற்பை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

இப்போது எங்கள் குப்பத்தில் வீடுகள் தூண் மேல் நிற்கின்றன. இந்தத் தடவை மட்டத்தைச் சொல்ல யாரும் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை, சுவரெல்லாம் கறையாகவே இருந்தது. ஊரை மாற்ற வேண்டும் என்று யாரும் எழுதவுமில்லை. கீழே வலை காய்கிறது. வருகிறவர்களிடம் நைனா, "தூணு வெச்சுக் கட்டணும்னு அப்பவே பேச்சு வந்துது" என்கிறார். யார் பேசியது என்று சொல்வதில்லை. கேட்கிறவர்கள் அவர்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அங்கன்வாடிக் கூட்டத்துக்காகப் பொன்னேரி போயிருந்தேன். திரும்பும்போது பஸ் நிலையத்தில் கீரைக்கட்டோடு ஒருவர் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்து, முதுகு வளைந்திருந்தது. அந்த வளைவை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐயோ, டீச்சரம்மாவா? சாரிம்மா, சட்டுனு அடையாளம் தெரியல." வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். தூண் வீடுகளைப் பற்றிச் சொன்னேன். "பூநாரை வீடு!" என்று குழந்தை மாதிரி கைதட்டினார், கீரைக்கட்டு கீழே விழுந்தது. கீழே வலை காயப்போடுகிறார்களா, தண்ணீர் வந்தால் படகை ஏற்றி வைக்க இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். "அம்மா நல்லா இருக்காங்களா? அந்த நண்டுக் குழம்பு... தலைவர்?"

"நைனா இருக்காரு சார்."

"விசாரிச்சேன்னு சொல்லுங்க."

பழவேற்காடு பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. அவர் கீரைக்கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஏதோ கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டு, மறுபடி வாயெடுத்தார்.

"சாரிம்மா. தப்பா நெனைக்கலன்னா ஒண்ணு கேக்கலாமா? அப்பவே எத்தனையோ வாட்டி கேட்டதுதான். நான் உங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி, அந்தப் பழைய வெள்ளத்துல... தண்ணி எதுவரைக்கும்மா வந்துச்சு?"

இத்தனை வருஷமும் அவர் அதைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். தன் கணக்கு பிசகிப்போனதா, இல்லை தன்னிடம் சொன்னது பிசகா என்று தெரியாமலே வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டார். சொல்ல வாயைத் திறந்தேன். ஆத்தா கால் வரைக்கும் என்றுதான் நாக்கு எழுந்தது. சின்ன வயசிலிருந்து சொன்ன வாய். வேறு சொல் வரவில்லை. கையைத் தூக்கி என் கழுத்தில் வைத்துக் காட்டினேன்.

அவர் என் கழுத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே நின்றார். உதடு அசைந்தது. எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. முதுகுகூட ஒரு நொடி நிமிர்ந்த மாதிரி இருந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. கண் என் முகத்துக்கு வந்ததும் பதறிப்போனார். நான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

"ஐயோ, சாரிம்மா" என்றார். "உங்க அப்பாவைப் பத்தி உங்களையே சொல்ல வெச்சுட்டேன். நான் கேட்டிருக்கவே கூடாது."

நான் சொல்ல வேண்டிய வார்த்தை அது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். உயரமான அந்தப் பஸ் படியில் நான் ஏற, அவர் குனிந்து என் பையைத் தூக்கிக் கொடுத்தார்.